மூலைக் கம்பு

“தைப்பூசக் கூட்டத்துல கண்ணத் தொறந்துக்கிட்டே தொலைஞ்சு போனவ நீ. கண்ண மூடிக்கிட்டு மேடையில நடக்கப் போறியாக்கும்?” என்றார் அம்மா, தேக்காவிலுள்ள சலவைக் கடையில் வேலை முடித்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் ஜப்பானியர்களின் பழைய முகமூடி நாடகமான ‘நோ’வைப் பயிலும் ஒரே தமிழ்ப் பெண்ணும் நான்தான். “வந்து பாருங்கம்மா” என்றேன். சரியாகச் செய்தால் அடுத்த நாடகத்திலும் முகமூடி அணியும் முக்கிய வேடம் எனக்கே என்று ஆசிரியர் சொல்லியிருந்தார்.

அந்த முகமூடியின் கண்துளைகள் மிளகைவிடச் சற்றுப் பெரியவை, அவ்வளவுதான். தரை தெரியாது. மேடையின் முன்மூலைத் தூணை வைத்தே எங்கே நிற்கிறோம் என்று அறிய வேண்டும். எங்கள் மண்டபத்தில் தூண் இல்லாததால் அங்கே ஒரு மூங்கில் கம்பை நிறுத்தியிருந்தோம். வீட்டுப் பயிற்சிக்குத் தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத் தூண்கள் இருந்தன.

நிகழ்ச்சியன்று, காத்திருந்தே இறந்துபோன ஒரு பெண்ணின் ஆவியாக வந்தேன். பாதி மேடையில் கம்பைத் தேடினேன். இல்லை. படமெடுக்க மறைக்கிறதென்று யாரோ எடுத்துவிட்டது பிறகுதான் தெரிந்தது. தலையைத் திருப்பித் தேட முடியாது. முகமூடி சற்றே அசைந்தாலும் அதற்கொரு பொருள் உண்டு. குரல் கொடுக்கவும் முடியாது. இன்னும் ஓரடி வைத்தால் விழுவேனா? நின்றுவிட்டேன். மேடையோரத்தில் அமர்ந்திருந்த பாடகர்கள் சமாளிக்க அதே வரியை மறுபடி பாடினார்கள். முகமூடிக்குள் என் மூச்சு சுட்டது. கடைசியில், மேடையின் பின்புறம் உதவிக்கென உட்கார்ந்திருந்த மூத்த மாணவர் வந்து என் அங்கியின் கையைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.

“அசையாம நின்ன பாரு, சூப்பர் லா!” என்றாள் பார்க்க வந்திருந்த தோழி. தலையை மட்டும் ஆட்டிவிட்டு உடை மாற்றப் போனேன்.

அம்மாவும் நானும் எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பினோம். நொவீனா நிலையம் தாண்டியதும், “வழி தெரியாமத்தானே நின்ன?” என்றார்.

“மூஞ்சியே தெரியலையே, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“கட்டைவிரல உள்ள மடக்கிட்ட. பிரைமரி ஒன்னுல மொத நாளும் அப்படித்தான் நின்ன. அன்னிக்கும் என்னை ஸ்கூல் கேட்டுக்குள்ள விடல, உங்கிட்ட வர முடியல.”

அடுத்த முகமூடி யாருக்கு என்று ஆசிரியர் இன்னும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் துணிவில்லை. நேற்று மாலை, தூண்களை விட்டுவிட்டுக் கூடைப்பந்துத் திடலுக்குப் போனேன். கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு, அடிகளை எண்ணி நடந்தேன். பதினோராவது அடியில் வேலி கையில் இடித்தது. திரும்பிப் போய் ஒன்றிலிருந்து தொடங்கினேன்.