சுருட்டு வைத்த கல்லறை

எங்கள் குடும்பத்தில் ஒருத்தரும் ஐந்தடியைத் தாண்டியதில்லை. ஏன் என்று கேட்டால் அப்பா மாதா கோயில் தோட்டத்து மூலையில் இருக்கும் கல்லறையைக் காட்டுவார். இரண்டு முழ நீளம்தான் இருக்கும். "நம்ம பாட்டன் முப்பாட்டனுக்கெல்லாம் மூத்தவரு. எத்தினி குள்ளம்னு நீயே பாத்துக்க" என்பார். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அதற்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி மாலை போட்டு, பெரியவருக்குப் பிடிக்குமென்று ஒரு சுருட்டும் வைப்போம். பிடிக்குமென்று யார் கண்டது? ஊரிலேயே முதல் மெழுகுவர்த்தி அந்தக் கல்லறையில்தான் எரியும், அதை ஏற்றுவது அப்பா. நாலு பேர் நடுவில் அவர் நிமிர்ந்து நிற்பது அந்த ஒரு நாள்தான்.

தருமபுரி தனி மாவட்டமாகிச் சில வருஷம் இருக்கும். மாரண்டஹள்ளிப் பக்கம் இருந்த எங்கள் ஊருக்கு இளவயதுச் சாமியார் ஒருவர் பங்குக்கு வந்தார். கெட்டவர் இல்லை, சுறுசுறுப்பு கொஞ்சம் ஜாஸ்தி. கோயிலைச் சுற்றி மதில் கட்ட நூல் பிடித்தார். நூல் நேராக எங்கள் கல்லறை மேல் போனது. ஊர்க் கல்லறைகள் எல்லாம் ஏரிக்கரைப் பக்கம் இருக்க, இது மட்டும் இங்கே தனியாகக் கிடந்தது.

"உங்க முன்னோர்தான்னு எழுத்துல ஏதாச்சும் இருந்தாக் கொண்டாங்க. இல்லன்னா திருநாள் முடிஞ்சதும் எடுத்துடுவோம்" என்று சாமியார் சொல்லிவிட்டார். அப்பா அன்றைக்கு வூட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

எழுத்து கல்லிலேயே இருந்தது. படிக்கத்தான் ஆளில்லை. தமிழும் இல்லை, கன்னடமும் இல்லை, தெலுங்கும் இல்லை. நான் அப்போது ஹைஸ்கூலில் வரலாறு டீச்சர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அசோகர் கல்வெட்டைப் பற்றிப் பாடம் நடத்துகிறவளுக்குச் சொந்தத் தாத்தா கல்லைப் படிக்கத் துப்பில்லை என்று என் மேலேயே எனக்கு எரிச்சல். தேங்காய் நாரால் சுண்ணாம்பைத் தேய்த்தெடுத்து, டிராயிங் பேப்பரை மேலே விரித்து, அடுப்புக்கரியால் தேய்த்தேன். எழுத்து வெள்ளையாக எழும்பி வந்தது. "தாத்தா மூஞ்சில கரியப் பூசறியே கண்ணு" என்று அப்பா பக்கத்திலேயே நின்று புலம்பினார்.

மெட்ராசில் எனக்குப் பாடம் எடுத்த புரொபசரம்மாவுக்கு அதை அனுப்பினேன். அவர் எழுதினார்: இது அர்மீனிய எழுத்து. அந்தத் தேசத்து வியாபாரிகள் ஒரு காலத்தில் மெட்ராசில் நிறையப் பேர் இருந்தார்கள். கடல் தாண்டி ஒரு பல்கலைக்கழகத்தில் அர்மீனியப் படிப்புக்கென்றே தனி மையம் இருக்கிறது, யார் கேட்டாலும் பதில் போடுவார்கள். விலாசமும் கொடுத்திருந்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், பாதி தப்போடு, நோட்டுத் தாளில் எழுதிப் போட்டேன். வராது என்றுதான் நினைத்தேன்.

திருநாளுக்கு ஒரு வாரம் முன்னால் பதில் வந்தது, இரண்டு பக்கத்துக்கு. இது வியாபாரி ஒருவருடைய மகளின் கல்லறை. மைசூர்ப் பக்கம் போகிற வழியில் காய்ச்சல் கண்டு இறந்திருக்கிறாள். வயது ஐந்து.

அதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கிழித்துப் போட்டுவிட்டு, பதிலே வரவில்லை என்று சொல்லலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். பொய் சொல்ல வரவில்லை. சாயங்காலம் அப்பாவுக்கு வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அவர் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அஞ்சு வயசுப் புள்ளைக்கா இத்தினி நாளும் சுருட்டு வெச்சோம்?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மறுநாள் அவரே சாமியாரிடம் போனார். நான் கூடப் போனேன். "சாமி, அது எங்க தாத்தா இல்லீங்க. நாங்கதான் தப்பா நெனச்சிட்டோம்" என்று எல்லாவற்றையும் சொன்னார். சாமியார் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "அப்ப எடுத்துடலாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தாத்தாவா இருந்தா எடுத்துக்குங்கன்னுதான் சொல்லியிருப்பேன் சாமி. பெரிய மனுசன், எங்க கொண்டுபோய் வெச்சாலும் சமாளிச்சுக்குவாரு. இது பச்சப்புள்ளைங்க. பெத்தவங்களே உட்டுட்டுப் போற மாதிரி ஆயிடுச்சு. நாமளும் வெளிய தள்ளறதா?"

சாமியார் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். மறுவாரம் போய்ப் பார்த்தபோது மதிலுக்குப் பிடித்த நூல் அந்த மூலையில் மட்டும் வளைந்து போயிருந்தது. இன்றைக்கும் அந்த மதில் அங்கே கோணல்தான். அந்தத் திருநாளுக்கு அப்பா சுருட்டு வைக்கவில்லை. பாலக்கோடு போய்ச் சின்ன அளவில் கண்ணாடி வளையல் வாங்கி வந்து வைத்தார். முதல் மெழுகுவர்த்தியை ஏற்ற வழக்கம்போல் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

நடந்ததையெல்லாம் மையத்துக்கு எழுதினேன். திரும்பவும் பதில் போட்டார்கள். அவர்கள் வேலை புத்தகத்தோடு நிற்கிறதில்லையாம். அந்த ஊரில் இருக்கும் தங்கள் ஜனங்களை, ரொட்டி சுடுகிறவர், தையல்காரர், வயசானவர்கள் எல்லோரையும், மாதம் ஒருதரம் கூட்டி உட்காரவைத்துப் பேசுவார்களாம். அந்தக் கூட்டத்தில் என் கடிதத்தை வாசித்தார்களாம். சொந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டு வந்து, அங்கே தங்கள் வீட்டுக் கல்லறை எங்கே இருக்கிறதென்றே தெரியாதவர்கள் அவர்களில் பலர். கேட்டு அழுதார்களாம். முகம் தெரியாத ஒரு டீச்சரின் நோட்டுத் தாளை மதித்துப் படித்த அந்த மனிதர்களை நான் எந்த நாளும் மறக்கமாட்டேன்.

கூடவே நிரப்பி அனுப்பச் சொல்லி ஒரு ஃபாரமும் அனுப்பியிருந்தார்கள். உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் தங்கள் கல்லறைகளுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்களாம். ஊர், கல்லின் அளவு, பார்த்துக்கொள்கிறவர் என்கிற இடத்தில் அப்பா பெயர் என்று ஒவ்வொன்றாக நிரப்பினேன். கடைசிக் கட்டம்: இறந்தவர் அவருக்கு என்ன உறவு? உறவில்லை என்று எழுதுவதா, வெறுமனே விடுவதா என்று தெரியாமல் அப்பாவைக் கேட்டேன்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இதென்ன கேள்வி? பேத்தின்னு எழுது."

அப்படியே எழுதி அனுப்பினேன்.