எரிச்சல் நின்ற வருஷம்

என் வீட்டுக்காரருக்கு உணவுக்குழாயின் அடிப்பக்கத் தோல் மாறியிருப்பது எண்டோஸ்கோப்பியில் தெரிந்தது. "இது புற்றுநோய் இல்லை. கவனிக்காமல் விட்டால் அதுவாக மாறலாம். மாத்திரையை நிறுத்தாதீர்கள், ஆறு மாதத்தில் மறுபடியும் பார்க்கவேண்டும்," என்றார் டாக்டர். பத்து வருஷ நெஞ்செரிச்சலைச் சோடா குடித்தே சமாளித்த மனுஷன். அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். இரும்பில் மயிரளவு பிசகென்றாலும் விரலால் தடவியே சொல்லிவிடுவார். தன் நெஞ்சுக்குள் நடப்பதுதான் தெரியாது.

விஷயம் பரவியதும் சொந்தம் திரண்டது. எங்கள் ஆட்கள் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரமாட்டார்கள். முன்பு ஆரஞ்சுப் பழமும் ரொட்டியும் வரும். இப்போது ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் ஜிங்க் மாத்திரை, ஒருவர் மெக்னீசியம், சிங்கப்பூரிலிருந்து வந்த கொழுந்தனார் செலினியம். நாத்தனார் செம்புக்குடமே தூக்கி வந்தாள்.

"உடம்புல தாதுச்சத்து கொறஞ்சதுதான் மதினி எல்லாத்துக்கும் காரணம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதை டாக்டரிடம் கேட்டேன். தொடர்பு இருக்கலாம், ஆராய்கிறவர்களே இன்னும் அடித்துச் சொல்லவில்லை, கீரையும் பயறும் சாப்பிடட்டும், அதை மருந்தென்று நினைக்கவேண்டாம் என்றார். அதை வந்து சொன்னால் எல்லோரும் முகத்தைத் தூக்கினார்கள். கொடுத்ததை ஒதுக்கினால் கொடுத்தவரையே ஒதுக்கியதாக அர்த்தமாம். அடுத்தமுறை வரும்போது டப்பாவில் எத்தனை குறைந்திருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற கூட்டம் அது. இவரும் அத்தனையையும் விழுங்கினார். டாக்டர் எழுதிய மாத்திரைக்கு மட்டும் வயிற்றில் இடமில்லை.

நாலு மாதத்தில் எரிச்சல் நின்றது. மிளகாய் பஜ்ஜி தின்றும் எரியவில்லை. நாத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை. சோதனைக்குப் போகவேண்டிய மாதத்தில் அவள் மகளுக்குக் கல்யாணம்.

"முகூர்த்தக்கால் ஊண்டியாச்சு. சீர் சொமக்குற தாய்மாமன் இப்பப் போயி ஆஸ்பத்திரி வாசல மிதிக்கணுமா?" என்றாள்.

கல்யாணம் முடிந்தது. பிறகு மறுவீடு, ஆடிச்சீர், தலைதீபாவளி. ஒரு வருஷம் போயிருந்தது.

இந்தச் சித்திரையில் சண்டை போட்டு இழுத்துப் போனேன். மாறிய தோல் மேலே ஏறியிருந்தது. சதை எடுத்துச் சோதித்ததில் அடுத்த கட்டத்துக்கு, புற்றுநோய்க்கு இன்னும் பக்கத்தில் போய்விட்டது என்றார்கள்.

"எரிச்சலே இல்லையே சார்," என்றார் இவர்.

"மாறிப்போன தோலுக்கு அமிலம் பட்டாலும் அவ்வளவாகத் தெரியாது. எரியவில்லை என்றால் குணமாகிவிட்டது என்று யார் சொன்னது?"

இவர் என் முகத்தைப் பார்த்தார். அன்று முழுக்க நாத்தனாரைத் திட்டித் தீர்த்தேன். வாய் ஓயவில்லை, ஆத்திரமும் ஆறவில்லை. போன வருஷம் சோதனையை நினைவுபடுத்தி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனை எடுத்தது நான். கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டே, "அவுகளுக்கு இப்ப எரிச்சலே இல்லம்மா, நல்லாருக்காக, பெறகு வாரோம்," என்று சொல்லி வைத்ததும் நான்தான்.