லொஃப்டில் கிடந்த துவக்கு

குட்மேய்ஸில் நாங்கள் வாங்கிய வீடு, காலமாகிவிட்ட ஓர் ஆங்கிலேயக் கிழவருடையது. வீட்டைத் துடைத்துக் காலிசெய்து தந்ததாக அவருடைய பிள்ளைகள் சொன்னார்கள். கூரைக்கடியில் இருந்த லொஃப்டுக்குள் யாரும் ஏறவில்லை போலும். குளிர் தொடங்குமுன் அங்கே குளிர்தடுப்புப் பஞ்சு விரிப்பதற்காக ஒரு சனிக்கிழமை நானும் மனைவியின் அண்ணனும் மேலே ஏறினோம். மூலையில் கம்பளியால் சுற்றிய நீளமான பொருளொன்று கிடந்தது. கர்ட்டன் கம்பி என்று நினைத்து அவிழ்த்தேன். வேட்டைக்குச் சுடுகிற துவக்கு. இழுத்துத் தள்ளுகிற போல்ட் பிடியில் எண்ணெய் மினுக்கம்கூடப் போகவில்லை.

"தொடாதை! கைரேகை!" என்றார் மச்சான்.

"தொட்டிட்டன்."

"அப்ப துடை."

"துடைச்சா, ஏன் துடைச்சனீ எண்டு கேப்பினம்."

இருவரும் இந்த நாட்டுக் குடிமக்களாகி எத்தனையோ வருடங்கள். ஆனாலும் கைகளைத் தூக்காத குறையாகப் பின்வாங்கினோம். மச்சானுக்குக் கூடுதல் கவலை. "என்ர அகதிக் கேஸில, துவக்கைக் கிட்ட நிண்டு பாத்ததே இல்லையெண்டு எழுதிக் குடுத்தனான்," என்றார்.

"என்னப்பா, மேல சத்தத்தைக் காணேல்லை?" என்று கீழேயிருந்து மனைவி கேட்டாள். விஷயத்தைச் சொன்னோம். பொலிசுக்கு போன் எடுத்ததும் அவள்தான்.

பொலிஸ்காரர் இருவர் வந்தார்கள். அவர்களில் ஓர் இளம்பெண், வாசலில் நின்று சப்பாத்தைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டாள். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் இராணுவத்தினர் நான்கு முறை துவக்குத் தேடியிருக்கிறார்கள். அரிசிப் பானைக்குள்ளும் கைவிட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்காததற்காக அப்பாவை அடித்தார்கள். இங்கே துவக்கு உண்மையாகவே கிடைத்தது. எனக்கு நன்றி சொன்னார்கள்.

கூட வந்த மூத்தவர் டோர்ச் அடித்துக் குழலில் பொறித்திருந்த எழுத்தைப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இந்த அளவுத் தோட்டாவை இப்போது யாரும் செய்வதில்லை. நான் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன்," என்றார். பரிசோதிக்கத் துவக்கைக் கொண்டுபோனார்கள். அது சரியாக வந்தால், தோட்டா கிடைக்காத பழம்பொருள் என்பதால், அலங்காரத்துக்கு லைசன்ஸ் இல்லாமலே நாங்கள் வைத்துக்கொள்ளலாமாம். கிழவரின் மகளைக் கேட்டோம். தனக்கு வேண்டாம், வீட்டோடு சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

சில வாரங்களில் பொலிசிடமிருந்து கடிதம் வந்தது: வைத்திருக்கலாம். அன்று மாலையே மச்சான் வந்துவிட்டார்.

"ஹோல் சுவரில மாட்டினா நல்ல எடுப்பாயிருக்கும்."

"எங்க, மாதா படத்துக்குப் பக்கத்திலயோ?" என்றாள் மனைவி.

"உங்களுக்கு வேண்டாமெண்டா நான் கொண்டு போறன்."

எனக்கும் சபலம் தட்டியதை மறைக்கமாட்டேன். வால்நட் மரக் கட்டை, அழகான வேலைப்பாடு. குண்டே கிடைக்காத துவக்கைப்போலச் சாதுவான பொருள் உலகத்தில் வேறென்ன இருக்கிறது? ஆனால் அதற்குக் கீழே உட்கார்ந்து நான் சோறு சாப்பிடுவதை நினைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டு அரிசிப் பானைதான் ஞாபகத்துக்கு வந்தது.

திங்கட்கிழமை பொலிஸ் நிலையத்துக்குப் போய், அழித்துவிடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். கவுண்டரில் இருந்தவர், நிச்சயமாகத்தானா என்று இரண்டு தடவை கேட்டார். "ஓம்" என்று தமிழிலேயே வந்துவிட்டது.

மச்சான் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. போன ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து தேநீருக்கு நின்றபோது, அந்தத் துவக்கைத் தான் தனியாளாக லொஃப்டிலிருந்து இறக்கிய கதையை யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு அப்பால் நகர்ந்தேன்.