ஒரு நாளைக்கு அறுபது கிராம்

ஆஸ்பத்திரிக்குப் போனது நாலு பேர். என் வீட்டுக்காரர். அவரைப் பெத்த என் மாமியார். அவர் தம்பி, என் கொழுந்தன். அப்புறம் நான். வேறு யாருக்கும் சொல்லவில்லை. உடம்பு இளைக்க ஆபரேஷன் என்றால் சிரிப்பார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. பட்டாபிராம் ஸ்டேஷன் பக்கத்தில் அவர் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்தார். சைக்கிளை விட்டுவிட்டு ரயிலேறுகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பார். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். எழுந்திருக்க முடியாது. படுத்தால் மூச்சு நின்று நின்று வந்தது. விறகுக் கடை தராசில் ஏற்றி நிறுத்தோம். நூற்று முப்பத்தெட்டு கிலோ.

வயிற்றைத் தைத்துச் சின்னதாக்குகிற ஆபரேஷன் அப்போது புதுசு. வெளிநாட்டில் கற்றுக்கொண்டு வந்த ஒரு டாக்டர் செய்தார். ரெண்டு வாரம் முன்னாடியே சோற்றை நிறுத்தச் சொன்னார். முட்டை வெள்ளை, மீன், பயறு, ஆடை எடுத்த பால். ஈரல் சுருங்கினால்தான் கத்தி வைக்க முடியுமாம். இவர் குழந்தை மாதிரி சாப்பிட்டார். கொடுத்ததைத் தள்ளவில்லை.

சாப்பாட்டு விவரம் சொல்ல ஒரு அம்மா இருந்தாங்க. அவங்க சொன்னது இதுதான். "வயிறு இனிமே கால் டம்ளர்தான் பிடிக்கும். அதுல முதல்ல புரதம் போகணும். சோறு கடைசி. ஒரு நாளைக்கு அறுபது கிராம். கொறைஞ்சா உடம்பு தன்னையே தின்ன ஆரம்பிச்சிடும்."

நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவள். கூட்டல் வரும். ஒரு முட்டை ஆறு. இவ்வளவு மீன் இவ்வளவு. எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டேன்.

ஆபரேஷன் ரூமுக்குள் தள்ளிக்கொண்டு போனபோது மழை. மாமியார் அந்தக் கதவு முன்னால் முட்டி போட்டாங்க. ஜெபமாலை கையில். உதடு அசைந்தது. என்ன சொன்னாங்க என்று கேட்கவில்லை.

பொழைத்து வந்தார்.

ஒரு மாதம் தண்ணி ஆகாரம். பால் ஒத்துக்கொள்ளவில்லை, வாந்தி. அப்புறம் முட்டை, மீன். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலைக்குப் போனேன். காலையிலேயே முட்டை வேகவைத்து, மீனை முள் எடுத்து, சின்னச் சின்னக் கிண்ணத்தில் நேரத்துக்கு ஒன்றாக மூடி வைப்பேன். மாமியார் கொடுப்பாங்க. சாயங்காலம் வந்து பார்த்தால் கிண்ணம் எல்லாம் கழுவிக் கவிழ்த்திருக்கும். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுவேன். அம்பத்தெட்டு. அறுபது. அறுபது.

ஞாயிற்றுக்கிழமை என் எதிரிலேயே வாயில் போட்டுக்கொள்வார். ஒரு வாய்க்கு முப்பது தடவை மெல்லணும் என்று சொல்லியிருந்தாங்க. மென்றபடியே எழுந்து பின்பக்கம் போவார். திரும்பி வரும்போது வாய் காலியாக இருக்கும்.

உடம்பு வேகமாக இறங்கியது. எல்லாருக்கும் சந்தோஷம். காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்றுதான் ஸ்டாண்டில் சொல்லியிருந்தோம். ஒருத்தன் கேட்டானாம். "இன்னா மாமே, பாதி ஆள ஆஸ்பத்திரிலயே வுட்டுட்டு வந்துட்டியா?" இவரும் சிரித்தாராம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முன்பு அவர் நடந்தால் அலமாரியில் டம்ளர் ஆடும். எந்த அறையில் இருக்கிறார் என்று கேட்க வேண்டாம். இப்போது சத்தமே இல்லை. மாவு பிசைந்துகொண்டிருப்பேன். திரும்பினால் பின்னால் நிற்பார். எப்போது வந்தார், எவ்வளவு நேரம் நிற்கிறார், தெரியாது. குரல் மட்டும் இளைக்கவில்லை. அடுத்த அறையிலிருந்து பேசினால் பழைய ஆள். எட்டிப் பார்த்தால் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள், அவர் சட்டையில்.

தலைமுடி கொட்டியது. குளித்துவிட்டு வந்தால் ஜலதாரையில் கொத்தாகக் கிடக்கும். கிறிஸ்துமஸ் பிரியாணியில் அவர் பருக்கை நாலு தொட்டார். கறியை ஒதுக்கினார். ஒத்துக்கொள்ளவில்லை போல என்று விட்டுவிட்டேன்.

காக்கைகள் எப்போது வர ஆரம்பித்தன என்று எனக்குத் தெரியாது. மழை நாளில் ஒரு ஞாயிறு பார்த்தேன். பின்பக்கச் சுவரில் வரிசையாக ஒன்பது. நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. கத்தவில்லை. சமையலறைக் கதவையே பார்த்தன. அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதே பன்னிரண்டரை மணி.

பால் ஊற்றுகிற அக்கா இந்த ஊர்க்காரங்க, அந்தக் காலத்தில் நெல் போட்ட குடும்பம். ஒரு ஞாயிறு மதியம் பால் காசு வாங்க வந்தபோது பார்த்துவிட்டு என்னைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னாங்க. "இன்னாம்மா, காக்கா இப்டி குந்திகினு கீது? யாருக்கோ காத்துகினு கீறா மாதிரி கீதே. ஊட்டுக்காரருக்கு ஒடம்பு நல்லாத்தான கீது?"

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

பிப்ரவரியில் கால் வீங்கியது. விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது, எழும்பவில்லை. இருபது எண்ணின பிறகுதான் மெல்ல மேலே வந்தது. கொழுந்தன் ஆட்டோ பிடித்து வந்தான். விறகுக் கடை தராசு தேவைப்படவில்லை. ஆஸ்பத்திரி மிஷினிலேயே நின்றார். எழுபத்தெட்டு கிலோ.

டாக்டர் ரத்தச் சீட்டைப் பார்த்தார். "புரதம் சுத்தமா இல்லையேம்மா. என்ன குடுக்கறீங்க?"

காலண்டர் தாளை நீட்டினேன். அவர் ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

"இவ்வளவும் சாப்பிட்டா இப்படி ஆகாது. அப்ப இது எங்க போகுது?"

இவர் சுவரைப் பார்த்தார். மாமியார் ஜெபமாலையைப் பார்த்தாங்க.

"இப்படியே போனா இன்னும் ஒரு மாசம் தாங்க மாட்டார்" என்றார் டாக்டர்.

ரெண்டு நாள் கழித்துக் கம்பெனியில் கரண்டு இல்லை. பாதி நாளில் அனுப்பிவிட்டாங்க. பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்தேன். முன்கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்பக்கம் போனேன்.

மாமியார் சுவர் ஓரம் நின்று முட்டையைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தாங்க. காக்கைகள் முறை வைத்த மாதிரி ஒவ்வொன்றாக எடுத்தன. இவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். காக்கையைப் பார்த்தபடி மென்றார். வாயில் ஒன்றும் இல்லை. தாடை மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. காக்கை விழுங்கினால் இவரும் விழுங்கினார்.

"இன்னா பண்றீங்க அத்தே?"

அவங்க திரும்பவில்லை. "இன்னிக்கு கம்பெனி இல்லியா?"

"அது அவருக்கு வெச்ச முட்டை."

"அவன் தொடக்கூடாது. உசுரோட வெளிய வந்தா ஈஸ்டர் வரைக்கும் எம்புள்ள கவுச்சி தொடமாட்டான்னு மாதாகிட்ட நேர்ந்துகினேன். அந்தக் கதவாண்ட. வந்தான் இல்ல?"

"மீனு?"

"அதுவுந்தான்."

"டாக்டர் சொன்னத கேட்டீங்க இல்ல?"

"டாக்டரு தெச்சாரு. தையல புடிச்சிகினு கீறது யாரு? வார்த்த மாறினா பிரிஞ்சிடும்டி."

இவர் பக்கம் திரும்பினேன். "நீங்க இன்னா சொல்றீங்க?"

அந்தப் பெரிய குரலில் சொன்னார். "மயக்கத்துல கீறப்ப அம்மா யாராண்டயோ பேசறது கேட்டுது. எழுந்து கேட்டா அதே வார்த்தய சொல்லுது. எனக்கு பயமா கீது."

ஈஸ்டருக்கு அஞ்சு வாரம் இருந்தது. டாக்டர் சொன்னது ஒரு மாசம்.

நான் உள்ளே போய் ரெண்டு முட்டை வேகவைத்தேன். தட்டில் வைத்து வெளியே கொண்டுவந்தேன்.

"அத்தே. பேசினது நீங்க, வயிறு அவரோடது. நேர்ந்தவங்க சுமங்க."

"நாக்க அடக்குடி. எம்புள்ளைய நான் கொல்லுவேனா?"

"தெரியாது. கணக்கு அப்டித்தான் வருது."

அவங்களுக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. எனக்கு அது தெரியும். முந்தானையில் கையைத் துடைத்தாங்க. அப்புறம் உள்ளே போய்க் கருவாட்டுப் பானையோடு வந்து, சுவர்மேல் அப்படியே கவிழ்த்தாங்க.

"இனிமே நான் தொடமாட்டேன். சாவற வரைக்கும். முட்டை, மீனு, கறி எதுவும். அவன் துன்னட்டும்." வானத்தைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

இவர் என்னைக் கேட்டார். "பிரிஞ்சிட்டா?"

"பிரிஞ்சா ஆஸ்பத்திரிக்குப் போலாம். துன்னுங்க."

மாமியார் அவர் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு ஒரு விள்ளல் ஊட்டினாங்க. மென்றார். முப்பதும் எண்ணினேன். விழுங்கினார். வயிற்றின் மேல் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டார். நாங்கள் மூணு பேரும் அந்தக் கையையே பார்த்தோம். காக்கைகள் பறக்கவில்லை. காலடியில் கருவாடு கிடந்தது, ஒன்றும் குனியவில்லை. அவையும் அங்கேதான் பார்த்தன.

ஒன்றும் ஆகவில்லை. அடுத்த விள்ளலுக்கு அவரே வாயைத் திறந்தார்.

ஒரு முட்டை உள்ளே போக ஒரு மணி நேரம் ஆனது. சாயங்காலம் அடுத்ததில் பாதி. பருப்புத் தண்ணி ஒரு கரண்டி. பயறு மசித்தது கொஞ்சம்.

விளக்கு வைத்ததும் காலண்டர் தாளை எடுத்தேன். முன்பு எழுதினதை எல்லாம் அடித்தேன். அன்றையதை மட்டும் கூட்டினேன். ஆறு, மூணு, நாலு, அஞ்சு.

பதினெட்டு.