அரிசி டிரம்மில் ஸ்ட்ராபெரி

பழத்தைத் தொட்டே பக்குவம் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அதை ஊரெல்லாம் சொல்லி வைத்தவளும் நான்தான். போன வருடம் மருமகள், தன் அம்மா வரப்போகிறார் என்று ஃபேர்லேண்ட்ஸ் பழக்கடையில் ஒரு டப்பா ஸ்ட்ராபெரி வாங்கி வந்தாள்.

“கழுவாம ஃப்ரிட்ஜ்ல வெச்சிருங்க அத்தை” என்றாள்.

எடுத்துப் பார்த்தேன். காம்போரம் எல்லாம் வெளுத்திருந்தது. இது காய்தான் என்று முடிவு செய்து, மாங்காயைப் பழுக்க வைப்பது போல அரிசி டிரம்மில் புதைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் சம்பந்தியம்மா வந்தார். அவர் கண் முன்னாலேயே பெருமையாக டிரம்முக்குள் கையை விட்டேன். பழம் கொழகொழவென்று வந்தது. மேலெல்லாம் வெள்ளைப் பூசணம், வாடை புளித்த கள் மாதிரி.

“ஏனுங்க சம்பந்தி, பழத்துக்குத் தாடி மொளைச்சிருக்குதுங்களே?”

“வயசாயிருச்சுங்க” என்றேன். விட்டுக்கொடுக்க முடியுமா?

மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். அவள் போகும்வரை பார்த்திருந்துவிட்டு, சம்பந்தியம்மா என் காதருகே வந்து சொன்னார்:

“எங்க ஊட்டுல நானும் இந்தப் பழத்தை வைக்கப்புல்லுக்குள்ள வெச்சுப் பார்த்தனுங்க. எருமைகூட மோந்துட்டுப் போயிருச்சுங்க.”