கத்தினால் வராத சவுரிமுத்து

சவுரிமுத்து என்னைச் சாகடித்தது 1987-ஆம் வருஷம், மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு. பக்கத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒருத்தர்கூட அவரைத் தடுக்கவில்லை என்பதில் எனக்கு இன்னமும் மனத்தாங்கல் உண்டு.

நான் அப்போது இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருந்த ஒரு சின்ன டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் குமாஸ்தா. பெயர் ராஜகோபாலன். சவுரிமுத்து அங்கே ஆம்புலன்ஸ் டிரைவர். ஆம்புலன்ஸ் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய வேன் ஒன்றில் பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு இரண்டு ஸ்ட்ரெச்சர் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். மனுஷன் நெட்டையாக, ஒல்லியாக இருப்பார். பேச்சு கிடையாது. காலையில் "வணக்கம் சார்" என்றால் அன்றைய கோட்டா முடிந்தது. கடவுள் அவருக்குத் தர வேண்டிய குரலையும் சேர்த்து அவர் மனைவி மரியபுஷ்பத்துக்கே கொடுத்துவிட்டார்.

புஷ்பம் கீரை விற்பவள். விடியற்காலையில் கூடுவாஞ்சேரிப் பக்கம் போய்க் கட்டுக் கட்டாகக் கீரை எடுத்துவந்து, இரும்புலியூரிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் வரைக்கும் தெருத்தெருவாக விற்பாள். "கீரேய்ய்... அரைக்கீரே, முளைக்கீரே, சிறுகீரேய்ய்" என்று அவள் இழுக்கும் இழுப்பில், என் மனைவி திரிபுரசுந்தரி முறத்தை எடுத்துத் தயாராக வைப்பாள். புஷ்பம் அப்போது இரண்டு தெரு தள்ளி இருப்பாள். அந்தக் குரல் "யோவ்" என்று ஒரு தரம் கூப்பிட்டால் போதும், வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்து எதையாவது முடுக்கிக்கொண்டிருக்கும் சவுரிமுத்து, ஸ்பானரை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார். ஆஸ்பத்திரி முழுக்க இதை வைத்து அவரைக் கிண்டல் செய்வோம். அவர் சிரித்துக்கொள்வார்.

எங்கள் பெரிய டாக்டர் அபிதகுஜாம்பாள் டெல்லியில் பத்து நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்தார். ஒரே நேரத்தில் நிறைய பேர் அடிபட்டு வந்தால் யாரை முதலில் பார்ப்பது, யாரைக் காக்கவைப்பது என்பதுதான் பாடம். ஜி.எஸ்.டி. ரோட்டில் வாரம் ஒரு விபத்து நடக்கிற காலம் அது. திரும்பி வந்ததும் வராததுமாக, வாட்ச்மேனிலிருந்து குமாஸ்தா வரைக்கும் எல்லாருக்கும் பயிற்சி என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார். நான் போய், "மேடம், எனக்கு ரத்தத்தைப் பார்த்தாலே தலை சுத்தும்" என்றேன். "பஸ் கவுந்தா அந்த ரத்தம் உங்களைக் கேட்டுக்கிட்டா வரும், ராஜகோபாலன்?" என்று கேட்டார். 

ஒரு மாதம் வகுப்பு நடந்தது. கட்டுப் போட, ஸ்ட்ரெச்சர் தூக்க, மூச்சு இருக்கிறதா என்று கன்னத்தை மூக்கருகே வைத்துப் பார்க்க எல்லாம் கற்றுக்கொண்டோம். கடைசியில் ஒத்திகை. பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் பஸ் கவிழ்ந்துவிட்டதாக வைத்துக்கொள்ள வேண்டும். அடிபட்டவர்களாக நடிக்க ஆள் பற்றவில்லை என்று ஊழியர் வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டார்கள். பன், வாழைப்பழம், டீ உண்டு. ஒவ்வொருத்தர் கழுத்திலும் ஒரு அட்டை. என் அட்டையில், "நினைவில்லை. வயிற்றுக்குள் ரத்தக்கசிவு. பத்து நிமிடத்தில் பார்க்காவிட்டால் பிழைக்க மாட்டார்" என்று எழுதியிருந்தது. புஷ்பத்துக்கு, "கால் முறிவு. வலி அதிகம்."

விசில் ஊதினார்கள். அந்த "வலி அதிகம்" என்ற இரண்டு வார்த்தையைப் புஷ்பம் சும்மா விடவில்லை. "ஐயோ, எங்காலு பூட்ச்சே! யோவ் சவுரி, வாய்யா!" என்று அவள் போட்ட கூச்சலில் தெருவில் போன ஜனம் காம்பவுண்டுச் சுவரில் ஏறிவிட்டது. நாலு ஸ்ட்ரெச்சர் கோஷ்டியும் அவளிடம் ஓடியது. முதல் ஆளாக ஓடியது சவுரிமுத்து. போகிற வழியில் என்னைத் தாண்டித்தான் போனார். கால் என் மேல் பட்டதும், "சாரி சார்" என்றுகூடச் சொன்னார். நினைவில்லாதவன் எப்படிப் பதில் சொல்வது? வெயிலில் முக்கால் மணி நேரம் கிடந்தேன். பிறகு டாக்டர் வந்து, என் அட்டையைத் திருப்பி, "ராஜகோபாலன், எழுந்திருங்க. நீங்க செத்து அரைமணி ஆச்சு" என்றார்.

பிறகு எல்லாரையும் உட்காரவைத்து ஒரு பிடி பிடித்தார். "கத்தறவங்களுக்கு மூச்சு இருக்கு. மூச்சு இருக்கறதனாலதான் கத்தறாங்க. சத்தமே இல்லாம கிடக்கறாங்களே, அவங்ககிட்ட முதல்ல போங்க. இன்னொண்ணு. கத்திக்கிட்டே இருந்தவங்க திடீர்னு அடங்கினா, உடனே அங்க ஓடணும். புரிஞ்சுதா? சவுரிமுத்து, உன் பொண்டாட்டிகிட்ட ஓடி இவரைக் கொன்னுட்டியே!"

எல்லாரும் சிரித்தார்கள். சவுரிமுத்து சிரிக்கவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். மரத்தடியில் பன்னை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்த புஷ்பம், டாக்டர் சொன்னதையெல்லாம் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது அப்போது யாருக்கும் முக்கியமாகப் படவில்லை.

அடுத்த வருஷம் ஆடி மாதம். முதல் நாள் ராத்திரி நல்ல மழை. காலை ஏழரைக்கு, ஊரப்பாக்கம் டீக்கடையிலிருந்து போன் வந்தது. ஒரு பஸ் சறுக்கி, ரோட்டோரப் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. வேனில் சவுரிமுத்து, நர்ஸ் சரசு, ஸ்ட்ரெச்சரின் இன்னொரு பக்கம் பிடிக்க நான். வேறு ஆள் இன்னும் டியூட்டிக்கு வந்திருக்கவில்லை. வழி முழுக்க நான் கந்த சஷ்டி கவசம் முணுமுணுத்தேன். சவுரிமுத்து ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

போய் இறங்கினால், ரோடு முழுக்கக் கீரை. கட்டு அவிழ்ந்து, தண்ணீரில் மிதந்து, டயரில் மிதிபட்டு, எங்கே பார்த்தாலும் பச்சை.  புஷ்பம் எப்போதும் ரயிலில்தான் திரும்புவாள். அன்றைக்கு ரயில் லேட் என்று பஸ்ஸில் ஏறியிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரியும். அந்த நிமிஷம் தெரிந்தது அவள் குரல் மட்டும்தான்.

"யோவ் சவுரி! நான் இங்க கீறேன்யா! கண்ணு இன்னா அவிஞ்சா பூட்ச்சு? வாய்யா இங்க!"

ரோட்டுப் பக்கத்து மேட்டில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்தும் படுத்தும் அலறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லாரையும் மீறி அவள் குரல்.  சவுரிமுத்துவின் ஒரு கால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. பழக்கமாயிற்றே, பதினெட்டு வருஷப் பழக்கம். அப்புறம் அந்தக் காலை இழுத்து இந்தப் பக்கம் வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, "சார், வாங்க. அந்தாண்ட சத்தமே இல்ல" என்று சொல்லி, பஸ்ஸைச் சுற்றி மறுபக்கம் பள்ளத்துக்குள் இறங்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நானாக இருந்தால் அந்தப் பக்கம்தான் ஓடியிருப்பேன்.

பள்ளத்தில், முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீரின் ஓரத்தில், கண்டக்டர் குப்புறக் கிடந்தார். தோல் பை தோளிலேயே இருந்தது. கழுத்து அசையாமல் நான் தலையைப் பிடித்துக்கொள்ள, சவுரிமுத்து அவரை மெதுவாகப் புரட்டினார். வாய் நிறையச் சேறு. விரலை விட்டு வழித்து வழித்து எடுத்தார். கன்னத்தை மூக்கருகே வைத்தார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் ஒரு செருமல் செருமினார், பிறகு இருமினார், பிறகு வாய் கொள்ளாமல் யாரையோ திட்டினார். அவ்வளவு இனிமையான கெட்ட வார்த்தையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. இவ்வளவு நேரமும் அந்தப் பக்கத்திலிருந்து புஷ்பத்தின் குரல் விடாமல் வந்துகொண்டிருந்தது. சவுரிமுத்துவின் ஏழு தலைமுறையும் வாங்கிக் கட்டிக்கொண்டது.

கண்டக்டரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, பள்ளத்திலிருந்து மேலே கொண்டுவந்தோம். வேனுக்கு இன்னும் பத்து எட்டு வைக்க வேண்டும். அப்போது அந்தக் குரல் நின்றுவிட்டது.

பாதி வார்த்தையில் நின்றது. ஸ்ட்ரெச்சரின் முன்பக்கம் அவர், பின்பக்கம் நான். அவர் முதுகு விறைத்ததை என் கைப்பிடியிலேயே உணர்ந்தேன். நட்டநடு ரோட்டில் கண்டக்டரை இறக்கிப் போட்டுவிட்டு ஓடினாலும் அவரை நான் குற்றம் சொல்லியிருக்க மாட்டேன். அவர் நடந்தார். பத்து எட்டையும் ஆட்டம் இல்லாமல், குலுக்கல் இல்லாமல் நடந்து, ஸ்ட்ரெச்சரை வேனுக்குள் தள்ளி, கொக்கியை மாட்டி, "சரசக்கா, பாத்துக்கோ" என்று சொன்னார். பிறகுதான் ஓடினார். என் வாழ்நாளில் ஒரு மனுஷன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

புஷ்பம் கவிழ்ந்த கூடைகளுக்கு நடுவில் கண்ணை மூடி மல்லாந்து கிடந்தாள். இடது கை கோணலாக வளைந்திருந்தது. சவுரிமுத்து மண்டியிட்டு விழுந்தார். கற்றுக்கொடுத்ததை ஒன்றுகூட விடாமல், நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார், கன்னத்தை அவள் மூக்கருகே கொண்டுபோனார். 

புஷ்பம் ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

அவர் அவள் முகத்தருகிலிருந்து நிமிர்ந்தார்.

"எவ்ளோ நேரமா கத்திகினு கீறேன், வரமாட்டேன்ற. டாக்டரம்மா அன்னிக்கு இன்னா சொன்னாங்க? கத்தாதவங்களாண்டதான் மொதல்ல போணும்னாங்கல்ல? அதான் அடங்கிட்டேன். வந்தியா இல்லியா?"

சவுரிமுத்து ரோட்டிலேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். "இன்னாய்யா, கை ஒடிஞ்சது எனக்கு, நீ அழுவுற" என்றாள் அவள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும், ஓங்கி ஒன்று வைக்க வேண்டும்போலவும் இருந்தது. பஸ்ஸில் வந்த இருபத்தாறு பேரில் அன்று ஒருத்தருக்கும் உயிர் போகவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய், திரிபுரசுந்தரியிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். நடுவில் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

டாக்டர் அபிதகுஜாம்பாள் சிரிக்கவில்லை. "இப்படி ஆளாளுக்கு அடங்கிக் காட்டினா நாங்க யாரைன்னு பார்க்கறது?" என்று புஷ்பத்தின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று சத்தம் போட்டார். அடுத்த பயிற்சியிலிருந்து, நடிக்க வருகிறவர்களைப் பாடம் நடக்கும்போது வெளியே அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. சவுரிமுத்து தொண்ணூற்றேழு வரைக்கும் அந்த வேனை ஓட்டினார். புதிதாகச் சேரும் ஒவ்வொரு டிரைவருக்கும் ஒத்திகையில் ஸ்ட்ரெச்சர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது அவர்தான். ஆனால் அவரைப் பற்றி நான் சொல்ல வந்தது அந்த விபத்துக்கு மூன்றாம் நாள் நடந்தது.

இரண்டு நாளாகப் புஷ்பம் அவரோடு பேசவில்லை. கையில் மாவுக்கட்டோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மூன்றாம் நாள், நான் ஏதோ கையெழுத்து வாங்கப் போனபோது, சவுரிமுத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவள் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எங்கொரலு ஒனக்குக் கேட்டுச்சா, இல்லியா?"

"கேட்டுச்சு."

"கேட்டும் போன."

"நீ கத்திகினு இருந்த தெம்புலதான் போனேன், புஷ்பம்."

"ஒரு வாட்டி திரும்பிப் பாக்கக் கூடாதா?"

"பாத்தா வந்துருப்பேன்."

அவள் திரும்பினாள்.  சவுரிமுத்து அவ்வளவு பேசியதை நானும் அன்றுதான் கேட்டேன். "இன்னா வேணா திட்டு. கழுத, மாடுன்னு சொல்லு. அடங்க மட்டும் அடங்காத. அந்தப் பத்து எட்டு இன்னொரு வாட்டி என்னால நடக்க முடியாது" என்றார்.

வராந்தாவில் மணி அடித்தது. பெருங்களத்தூரில் லாரியும் ஆட்டோவும் மோதியிருக்கின்றன என்று வாட்ச்மேன் ஓடிவந்தான். சவுரிமுத்து எழுந்து வார்டு வாசல் வரைக்கும் போனார். அங்கே கால் நின்றுவிட்டது. பாதி பேச்சில் அவளை விட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை.

புஷ்பம் நல்ல கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"கீரேய்ய்... அரைக்கீரே, முளைக்கீரே, சிறுகீரேய்ய்!"

வார்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்களெல்லாம் அலறி எழுந்தார்கள். "யாரது வார்டுல கத்தறது?" என்று டாக்டரின் அதட்டல் மாடியிலிருந்து வந்தது. சவுரிமுத்து திரும்பிப் பார்க்காமல் சிரித்துக்கொண்டே படியிறங்கி ஓடினார். வேன் கேட்டைத் தாண்டி ரோட்டில் திரும்பும் வரைக்கும் புஷ்பம் கத்துவதை நிறுத்தவில்லை.