ஏகாதசிக்குக் காலி செய்த அறை

அந்த மனிதர் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டு, தில்லை நகரில் ஒரு மருத்துவமனையில் ஆறு மாதப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். வெறும் வயிற்றோடு வரும் நோயாளிகளுக்கு ரத்தம் எடுக்கக் காலை ஆறு மணிக்கு நிற்க வேண்டும். மூன்று முறை தாமதமாக வந்தால் பயிற்சி அத்தோடு சரி என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊரோ துறையூருக்கும் அப்பால். பக்கத்தில் அறை கிடைக்காவிட்டால் சான்றிதழும் கிடைக்காது. தில்லை நகரில் கேட்ட வாடகையைக் கொடுத்தால், உதவித்தொகையில் டீ குடிக்கக்கூட மிஞ்சாது. திருவெறும்பூரில் மலிவுதான், ஆனால் விடியுமுன் இரண்டு பஸ் மாற வேண்டும். அலைந்து அலைந்து, கடைசியில் ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ஒரு மாடி அறை அமைந்தது. வீட்டுக்காரர் ஓய்வு பெற்றவர், கீழே தனியாக இருந்தார். முட்டை கூடாது, எட்டரைக்கு வாசல் கதவைப் பூட்டிவிடுவேன், சத்தமாகப் போன் பேசக்கூடாது என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தார். மார்கழி பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது மாடிக்கு ஏறி வந்தார்.

"ஏகாதசிக்கு சேவார்த்திகள்லாம் வருவாம்மா. நம்ம தெருவுல எல்லாரும் ரூம் குடுக்கறது வழக்கம். பகல் பத்து, ராப்பத்து, மொத்தம் மூணு வாரந்தானே? ஊருக்குப் போய் அப்பா அம்மாவோட இருந்துட்டு வாயேன்."

"மாமா, எனக்குக் காலையில ஆறு மணி டூட்டிங்க. ஊர்லேருந்து எப்படி வர முடியும்?"

"பெருமாள் பாத்துப்பார்," என்றார்.

அந்த மாத வாடகையை ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தார். சேவார்த்திகளிடம் அதே அறைக்கு இரண்டே நாளில் அவ்வளவும் வாங்கிவிடுவார் என்பது பிறகுதான் தெரிந்தது. அதைவிட என்னைக் கொதிக்க வைத்தது வேறு. நான் துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது மறுபடி வந்தார்.

"போறதுக்கு முன்னாடி இந்த ரூமை போன்ல போட்டுக் குடுத்துட்டுப் போம்மா. பெங்களூர்லேருந்து வருஷா வருஷம் வர்றவா இந்தத் தடவை வரலையாம். ஆட்டோக்காரனைக் கேட்டா கமிஷன் கேப்பான்."

என்னை வெளியே அனுப்பும் அறைக்கு விளம்பரத்தையும் நானே எழுத வேண்டும். எழுதினேன். ஜன்னலைத் திறந்து வைத்து, பாயைச் சுருட்டி ஓரமாக வைத்து, அழகாகப் படமும் எடுத்தேன். அவரிடம் இருந்தது பட்டன் போன் என்பதால் என் நம்பரைத்தான் போட வேண்டியிருந்தது. யாராவது கூப்பிட்டால் தனக்குச் சொல்லச் சொன்னார். அப்போது அப்படிச் செய்வதாகத்தான் இருந்தேன்.

ஊரிலிருந்து நாலு மணி பஸ்ஸைப் பிடித்து வந்துகொண்டிருந்தேன். முதல் வாரத்திலேயே பனியில் பஸ் ஊர்ந்து வந்து இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. இரண்டாம் நாள், காத்திருந்த நோயாளிகள் எல்லோர் முன்னாலும் லேப் பொறுப்பாளர், "இன்னொரு தடவைன்னா வீட்டுலேயே இருந்துக்கம்மா," என்றார். கழிவறைக்குள் போய் அழுதேன். வெளியே வந்ததும் போன் அடித்தது. ஹைதராபாத்திலிருந்து ஒரு குடும்பம், பத்து நாளுக்கு அறை வேண்டுமாம்.

"ரூம் போயிடுச்சுங்க," என்றேன்.

சொன்னதும் நெஞ்சு குளிர்ந்தது. அதற்கப்புறம் கூப்பிட்ட அத்தனை பேருக்கும் அதே பதில்தான். உத்திர வீதி முனையில் இஸ்திரி போடும் அக்காவிடம் வீட்டுக்காரரைப் பற்றித் தினமும் போனில் விசாரிப்பேன்.

"வாசல்லயே நிக்கிறாரும்மா. ஆட்டோக்காரங்க ஆள் கூட்டிட்டு வந்தா, போன்ல போட்டாச்சுன்னு வெரட்டுறாரு," என்பார். இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்பேன்.

சொர்க்கவாசல் திறந்த அன்று ஊரே நிரம்பி வழிந்தது. சாப்பிடும் கூடத்தைக்கூட வாடகைக்கு விட்டவர்கள் உண்டு. என் அறை மட்டும் பூட்டியே கிடந்தது.

மூன்றாவது தாமதம் நேராமல் எப்படியோ தப்பித்து, திருவிழா முடிந்ததும் திரும்பி வந்தேன். அறை நான் விட்டுப்போனபடியே இருந்தது. அவர் பின்னாலேயே ஏறி வந்தார். இளைத்திருந்தார்.

"ஒருத்தர்கூட வரலையேம்மா. இந்த நஷ்டத்தை நான் எங்க போய் ஈடுகட்டறது? தையிலேர்ந்து வாடகையை ஏத்தித்தான் ஆகணும். முடியலேன்னா சொல்லிடு, வேற ஆள் பாக்கறேன்."

அறையை விட்டால் மறுபடி அந்த நாலு மணி பஸ்தான். பயிற்சி முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

"சரிங்க மாமா," என்றேன்.

அந்த இரண்டு மாதமும் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுத்தான் வாடகை கட்டினேன். பசி வயிற்றைக் கிள்ளும்போதெல்லாம் அவர் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்ததை நினைத்துக்கொள்வேன். பசி அடங்கவில்லை. செய்தது தப்பு என்றும் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.